இரவல் பூட்ஸ்

இவ்வளவு சீட்டு காலியாக் கெடக்கு, இந்த ஆளு ஏன் நம்ம பக்கத்துல வந்து ஒட்டுதான்னு நெனைக்கீங்க, இல்லையா? தப்பா எடுத்துக்கிடாதீங்க தம்பி. ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான். எனக்கு அது வேண்டாம். பக்கத்துல ஒரு ஆள் இருந்தாப் போதும். காலி சீட்டுக்குப் பக்கத்துல உக்காந்து போறது எனக்குப் பிடிக்காது. ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

எங்க, கலெக்டர் ஆபீசுக்கா? நானும் அங்கதான். பட்டா மாத்தவா? அலைய விடுவாவ, பொறுமையா இருங்க. எனக்கு அங்க ஆகவேண்டிய காரியம்னு ஒண்ணும் கெடையாது. கூப்பிட்டிருக்காவ, போறேன். சட்டசபைக் குழு வந்திருக்கு. பழைய ரேஞ்சரு ஆவுடையப்பன் வந்து நேர்ல ஒரு வார்த்தை சொல்லணுமாம். ரிட்டையர் ஆனவனையும் விட மாட்டேங்காவ.

என்ன சத்தம் அது? பின்னாலயிருந்து. கேக்கலையா? பூட்ஸ் போட்டு நடக்க மாதிரி… கண்டக்டரா இருக்கும். அவரு கால்ல என்ன போட்டிருக்காரு, பாருங்க. செருப்பா? சரி, விடுங்க. பழைய பஸ்ஸு, எங்கயாவது தகரம் ஆடும்.

ரேஞ்சர்னா வனச்சரகர். உச்சிப்பாறைச் சரகம் முழுக்க என் பொறுப்புலதான் இருந்துச்சு. அந்தா தெரியுதே மேக்கால, மொட்டையா ஒரு மலை, அதுக்கு அந்தப் பக்கம். பூராவும் புல்லு. தை வரைக்கும் பச்சையா இருக்கும், மாசி பொறந்துட்டா காஞ்சு சருகாயிரும். ஒருத்தன் பீடியை அணைக்காமப் போட்டாப் போதும், மலையே பத்திக்கிடும். அதுக்காகத்தான் கோடைக்கு முன்னாலயே மலையைச் சுத்திப் புல்லை அறுத்து, வகிடு எடுத்த மாதிரி வெறும் மண்ணா ஒரு பட்டை போடுவோம். ஃபயர் லைன்னு சொல்லுவாவ. அங்க வந்ததும் தீ திங்க ஒண்ணும் இல்லாம நின்னுரும். அதைப் போடவும், கோடை முடியுத வரைக்கும் தீயைக் காக்கவும் வாட்சருங்களை வைப்போம். எல்லாம் தினக்கூலி ஆளுக, அடிவாரத்து ஊர்க்காரங்க.

இதுக்கெல்லாம் காசு எங்கயிருந்து வருதுன்னு நெனைக்கீங்க? காடு தானா வளருது, அதுக்கு என்ன செலவுன்னுதான் எல்லாரும் கேப்பாவ. காட்டுக்கு, ஏரிக்கு, ஆத்துத் தண்ணியில சாயம் கலக்கான்னு பாக்குத ஆபீசுக்கு, எல்லாத்துக்கும் வருஷா வருஷம் சட்டசபையில மானியம்னு ஒதுக்கணும். ஒதுக்குனது ஒழுங்காச் செலவாகுதா, எதுக்குக் கூடக் குடுக்கலாம், எதைக் குறைக்கலாம்னு பாத்துச் சொல்ல எம்எல்ஏக்கள் சேந்த குழு இருக்கு. அவுக நேர்லயே வந்து பாப்பாவ. பாத்துட்டுப் போயி அறிக்கை எழுதுவாவ. அந்த அறிக்கையைச் சபையில வச்சுட்டாங்கன்னா அதுக்கு மறுபேச்சு கெடையாது.

எங்க டிஎஃப்ஓ ஒரு வருஷம் ஒரு கோரிக்கை அனுப்பியிருந்தாரு. மாவட்டத்துக்கே பெரிய வன அலுவலரு, நல்ல மனுஷன். தீ வாட்சருங்களுக்கு பூட்ஸ் வேணும், தீப்பிடிக்காத உடுப்பு வேணும், ஃபயர் லைன் அறுக்கத் தனியா ஒதுக்கணும்னு. அதை விசாரிக்கத்தான் குழு எங்க சரகத்துக்கு வருதுன்னு தை மாசம் ஒரு நாள் தந்தி மாதிரி போன் வந்துச்சு. டிஎஃப்ஓ அப்ப பயிற்சிக்குப் போயிட்டாரு. போன்ல என்கிட்ட, மரியாதையாக் கவனிச்சுக்கிடும் ஆவுடையப்பன், நம்ம கோரிக்கையை மறக்காம எடுத்துச் சொல்லும்னு சொன்னாரு.

கவனிப்புன்னா அது கவனிப்பு தம்பி. அந்த மாதிரி ஒரு வரவேற்பை அந்த மலை பாத்திருக்காது. விருந்தினர் மாளிகைக்கு வெள்ளையடிச்சேன். வழி நெடுக ரெண்டு பக்கமும் கல்லுக்குச் சுண்ணாம்பு பூசினேன். குழு நடந்து பாக்கப் போற இடத்துல மட்டும் ஃபயர் லைனைக் கண்ணாடி மாதிரி சுத்தமா அறுத்து வச்சேன். எல்லா வாட்சரையும் மலையிலயிருந்து இறக்கிக் கொண்டுவந்து வரிசையா நிறுத்தினேன். அவனுக நின்ன கோலத்தைப் பாத்தா எனக்கே வெக்கமா இருந்துச்சு. கிழிஞ்ச டவுசரு, ரப்பர் செருப்பு, ஒருத்தன் கால்ல அதுவும் இல்ல. பொண்ணு பாக்க ஆள் வரும்போது கிழிஞ்ச சேலையிலயா கூட்டிவந்து நிறுத்துவோம்? பக்கத்துச் சரகத்துல புது உடுப்பும் பூட்ஸும் வந்து இறங்கியிருக்குன்னு தெரியும். அந்த ரேஞ்சர் நமக்கு வேண்டியவன். ஒரு நாளைக்குக் குடுப்பா, மறுநாள் திருப்பித் தாறேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

இதுல என்ன தப்பு? எல்லா ஆபீஸ்லயும் நடக்கதுதான். குழு வருதுன்னா ஆஸ்பத்திரியில புது பெட்ஷீட் விரிக்கலையா, பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்குப் புதுச் சட்டை போட்டு நிறுத்தலையா? நான் மட்டும் புதுசாவா கண்டுபிடிச்சேன்?

மாசானம்னு ஒரு வாட்சர். அவனைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சே. அவனுக்குப் பூட்ஸ் மாட்டிவிட ரெண்டு பேர் வேண்டியதாப் போச்சு. அதுக்கு முன்னால அவன் பூட்ஸே போட்டதில்ல. போட்டுக்கிட்டு அந்த முத்தத்துல நடந்து நடந்து பாக்கான். டக்கு டக்குன்னு சத்தம் வருதுல்ல, அதைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு. பெரிய ஆளு தம்பி, கல்யாணம் ஆகிப் பொம்பளைப் புள்ள இருக்கு. சின்னப்பயல் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வச்சு நடக்கான். நான் அதட்டினேன். நில்லுலே, கார் வந்துரப் போகுதுன்னேன்.

குழு வந்துச்சு. தலைவரு வயசானவரு, கொஞ்ச தூரம் நடந்துட்டு உக்காந்துட்டாரு. மத்தவங்க நம்ம அறுத்து வச்ச ஃபயர் லைனைப் பாத்து அசந்துட்டாவ. அதுல ஒரு அம்மா, கடக்கரைத் தொகுதிக்காரி, முன்னால டீச்சரா இருந்தவங்களாம். எதைப் பாத்தாலும் ஒரு கேள்வி. வரிசையா நின்ன வாட்சருங்களைப் பாத்துக்கிட்டே வந்தவங்க மாசானத்துக்கு முன்னால நின்னுட்டாவ. "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க. அதைக் கேக்கத்தான் நாங்க வந்திருக்கோம்" அப்படின்னாவ.

மாசானம் குனிஞ்சு காலைப் பாத்தான். பூட்ஸைப் பாத்தான். அப்புறம் வாயைத் தொறந்தான். இவன் எதையாவது உளறிவைப்பான்னு எனக்குப் பதறிட்டுது. எல்லாம் இருக்கும்மான்னு நான் முந்திக்கிட்டேன். அந்த அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. "அவரு சொல்லட்டும்" அப்படின்னாவ.

அவன் என்னைப் பாத்தான். நான் ஒண்ணும் செய்யலை தம்பி. கண்ணைக்கூட உருட்டலை. சும்மா நின்னேன். அவனா சொன்னான்.

"எல்லாம் இருக்கும்மா."

அவன் வாயால சொன்னது. நான் சொல்லச் சொல்லலை. இதை மட்டும் நீங்க நல்லா ஞாபகம் வச்சுக்கிடணும். இன்னைக்குக் குழுகிட்டயும் இதைத்தான் சொல்லப் போறேன். அந்த நேரத்துல இலாகா போட்டோக்காரன் ஒரு படமும் எடுத்தான். அந்த அம்மா, பக்கத்துல மாசானம், தலையிலயிருந்து பூட்ஸ் வரைக்கும் தெளிவா.

கோரிக்கையா? எடுத்துச் சொல்லத்தான் இருந்தேன். சாப்பாட்டு நேரத்துல சொல்லலாம்னு ஒதுக்கி வச்சிருந்தேன். நாட்டுக்கோழி, ஆத்து மீனு, கடைசியில தினை பாயசம். எல்லாரும் சந்தோஷமாச் சாப்பிடுதாவ. தலைவரு என் தோள்ல கைபோட்டு, இந்த மாவட்டத்துலயே உங்க சரகம்தான்யா ஒழுங்கா இருக்குன்னு சொல்லுதாரு. அந்த நேரத்துல போயி ஐயா எங்ககிட்ட அது இல்ல இது இல்லன்னு மூக்கைச் சிந்த முடியுமா? நம்மளைப் பத்தி நல்ல எண்ணம் வந்தாச்சு, கேட்டது தானா வரும்னு இருந்துட்டேன்.

மறுநாள் உடுப்பு, பூட்ஸ் எல்லாத்தையும் திருப்பி வாங்கினேன். மத்தவன்லாம் மண்ணோட கழட்டி வீசிட்டுப் போனானுக. மாசானம் மட்டும் பூட்ஸைத் தொடச்சு, தேங்காயெண்ணெய் போட்டுத் தேச்சு, பேப்பர்ல சுத்திக் கொண்டுவந்தான். குடுத்துட்டுப் போகாம நின்னான். "ஐயா, கோடை முடியுத வரைக்கும் மட்டும் வச்சுக்கிடட்டுமா? தரை சுடும்" அப்படின்னு கேட்டான். அது அடுத்த சரகத்துச் சாமான்லே, நாளைக்குக் கணக்குக் கேட்டா நீயா பதில் சொல்லுவன்னு கேட்டேன். சரிய்யான்னு போயிட்டான். கோபம்லாம் இல்ல. அவனுக்குக் கோபமே வராது.

அறிக்கை வந்துச்சு. எங்க சரகத்துக்குப் பாராட்டு, அச்சுல. உச்சிப்பாறைச் சரகத்துல தீத்தடுப்பு ஏற்பாடு நெறைவா இருக்கு, காவலர்களுக்கு உடுப்பும் காலணியும் குடுத்திருக்கு, கூடுதல் ஒதுக்கீட்டுக்குத் தேவை எழலைன்னு போட்டிருந்துச்சு. நான் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு ஆபீஸ்ல மாட்டினேன். ரெண்டாவது பாதியை அப்ப நான் அவ்வளவா கவனிக்கலை. டிஎஃப்ஓதான் வந்து அதை நின்னு வாசிச்சாரு. வாசிச்ச கையோட ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. பாராட்டு எனக்கு வந்துட்டுதேன்னு அவருக்கு ஆத்தாமைன்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

ஒதுக்கீடு வரலை. வந்துக்கிட்டு இருந்ததும் பாதியாப் போச்சு. அந்தக் கோடையில மிச்ச ஃபயர் லைன் அறுக்கலை. வாட்சருங்களை நிறுத்தச் சொல்லிட்டாவ. மாசானம் ஒருத்தனை மட்டும் வச்சிருந்தேன். அது நான் அவனுக்குச் செஞ்ச உபகாரம் தம்பி. இதை யாரும் சொல்ல மாட்டேங்காவ.

பங்குனியில தீ வந்துச்சு. பட்டப்பகல். கீழயிருந்து புல்லைப் பிடிச்சுக்கிட்டு ஏறுது. அவன் பச்சைக் கொப்பை ஒடிச்சுக்கிட்டு மேல ஓடியிருக்கான், அடிச்சு அணைக்கலாம்னு. கூட நாலு பேர் இருந்திருந்தா அணைச்சிருக்கலாம். தீயை ஒரு பக்கம் அடிச்சு நிறுத்திட்டான், அதை நான் ஒத்துக்கிடுதேன், கெழக்குப் பக்கத்துக் காடு அவனாலதான் தப்பிச்சுது. ஆனா காத்து திரும்பிட்டுது. எரிஞ்சு முடிஞ்ச தரை வழியா வெளிய வந்திருக்கலாம், அதுதான் வழக்கம். அந்தத் தரையில கங்கு கெடக்கும். ரப்பர் செருப்பு உருகி ஒட்டிக்கிட்டுது. கழட்டிப் போட்டுட்டு வெறும் காலோட கொஞ்ச தூரம் வந்திருக்கான். அதுக்கு மேல வர முடியலை.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க தம்பி.

பூட்ஸா? பூட்ஸ் எங்கயும் போகலை. அடுத்த சரகத்துக்காரன் ஆள் அனுப்பி எடுத்துக்கிடுதேன்னான், அனுப்பவே இல்ல. எங்க ஸ்டோர் ரூம்லயேதான் கெடந்துச்சு, அந்தக் கோடை பூராவும். எல்லாம் முடிஞ்ச பிறகு நான் ஏதோ எடுக்க ஸ்டோரைத் தொறக்கேன், தேங்காயெண்ணெய் வாசம் மூஞ்சியில அடிக்கு. பேப்பர்ல சுத்தின பொட்டணம் தனியா, ஒழுங்கா, அலமாரி மேல. அதுக்கு நான் என்ன செய்ய? அவன்தான் எண்ணெய் போட்டான்.

மேலயிருந்து விளக்கம் கேட்டாவ. பணியாளருக்குக் காலணி வழங்கப்பட்டிருந்ததுன்னு எழுதி அனுப்பினேன். வேற எப்படி எழுத? சட்டசபையில வச்ச அறிக்கையில குடுத்திருக்குன்னு இருக்கு. படம் வேற இருக்கு. ஒரு ரேஞ்சர் போயி சபையில வச்சது பொய்யின்னு எழுத முடியுமா? அதை வச்சுக்கிட்டு, குடுத்த பூட்ஸைப் போடாமப் போனது அவன் கவனக்குறைவுன்னு மேல இருக்கவங்க முடிச்சுட்டாவ. கவனக்குறைவுன்னு நான் எழுதலை. அந்த வார்த்தை என்னோடது இல்ல.

இதுல எனக்குக் கெடைச்சது என்ன? மரக்கிடங்குக்குத் தூக்கி அடிச்சாவ. இத்தனை வருஷம் காட்டுல கெடந்தவனை வெட்டுன மரத்தை எண்ணச் சொல்லி உக்கார வச்சாவ. மாசானத்துக்கு ஊரே மாலை போட்டுது. பேப்பர்ல அவன் படம் வந்துச்சு. நல்லா இருக்கட்டும். எனக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னவன் உண்டா?

கெடங்குல இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் வர ஆரம்பிச்சுது. அடுக்கின மரத்துக்கு அந்தப் பக்கம், டக்கு டக்குன்னு. காவலாளியைக் கேட்டா அவனும் செருப்புதான். அப்புறம் வீட்டுல, மச்சுல. எலியா இருக்கும்னு மருந்து வச்சேன். என் வீட்டுக்காரி ஒண்ணும் கேக்கலைங்கா. வீட்டுல இருந்த ஷூ எல்லாத்தையும் எடுத்து வெளிய போட்டேன், எண்ணெயை மாத்தி நல்லெண்ணெய் வாங்கச் சொன்னேன். அவ மக வீட்டுக்குப் போயி இருந்துக்கிட்டா. எனக்குப் பயம்லாம் கெடையாது. யானைக் காட்டுல தனியாப் படுத்தவன் நான். அது சும்மா நடக்குது, அவ்வளவுதான். காலைத் தூக்கித் தூக்கி வச்சு, போட்டுப் பாக்கவன் மாதிரி. கெட்ட எண்ணத்தோட நடக்க மாதிரிகூட இல்ல. அதுதான் என்னால தாங்க முடியலை.

மாசானம் பொண்டாட்டி பேச்சி ஒரு தடவை வீட்டுக்கு வந்தா. பணம் கேக்கத்தான் வாறான்னு நெனைச்சேன். உக்காருன்னு சொன்னேன், உக்காரலை. புதுசா ஒரு குழு வருதாம், மனு குடுத்திருக்காளாம், சாட்சி யாருன்னு கேட்டாவளாம், என் பேரைச் சொல்லியிருக்கா. ஏன்னு கேட்டேன்.

"அவருக்குன்னு இருக்கது அந்த ஒரு படம்தான் சார். குழு வந்தன்னைக்கு எடுத்தது. அதைத்தான் சுவத்துல மாட்டி மாலை போட்டிருக்கேன். அதே படத்தைக் காட்டித்தான் அவருக்குப் பூட்ஸ் இருந்துச்சுங்காவ. எரிஞ்ச காலைக் கழுவினவ நான். சும்மாவா எரிஞ்சார்னு எம்மக கேக்கா. அந்தப் பூட்ஸ் அவரோடது இல்லன்னு நீங்க மட்டும் சொன்னாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அழலை. கத்தலை. சொல்லிட்டுப் போயிட்டா. வந்து சொல்லுதேன்னு நானும் சொல்லிட்டேன். சொல்லக்கூடாதுன்னு எனக்கு என்ன? சொல்லலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. எழுத்துல ஒண்ணு குடுத்துட்டு வாயால வேற சொன்னா, அப்ப எழுதுனது யாரு, இரவல் வாங்குனது யாருன்னு வரும். பென்ஷன்ல கை வைப்பான். அந்தப் பாராட்டு அறிக்கையே பொய்யின்னு ஆயிரும். என் சர்வீஸ்ல எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான் தம்பி. செத்தவன் திரும்பி வரப் போறதில்ல. அவனே எல்லாம் இருக்குன்னுதானே சொன்னான்? அவன் சொன்னதை நான் மாத்திச் சொன்னா அது அவனுக்குத்தானே மரியாதை இல்ல?

தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க.

ஸ்டாப் வந்துட்டா? அதுக்குள்ளயா? கூட்டமா இருக்கே. வேப்பமரத்துக்குக் கீழ நிக்கது யாரு, பாருங்க, பச்சைச் சேலை. அவதான். கையில என்ன வச்சிருக்கா? ஐயோ, படத்தைச் சுவத்துலயிருந்து கழட்டிக் கொண்டுவந்துட்டாளா. மாலையோட. வாற பஸ்ஸையெல்லாம் பாக்கா. படத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பிடிச்சிருக்கா. கால் வரைக்கும் தெரியுது. அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்க தம்பி. இல்ல, வெயில் அடிக்கு, அதுக்குத்தான். இறக்குங்க.

நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி நடந்து வந்துக்கிடுதேன். குழு சாயங்காலம் வரைக்கும் இருக்கும்.

நீங்க எந்திரிக்காதீங்க. ஒரு ஸ்டாப்பு கூட வாங்களேன், டிக்கெட் நான் எடுக்கேன். பட்டா எங்கயும் ஓடிப்போகாது. நீங்க எந்திரிச்சா அந்தச் சீட்டு காலியாயிரும். உங்களுக்கு வாசம் வரலையா? எண்ணெய் வாசம். யாராவது தலைக்குத் தேச்சிருப்பாவன்னு சொல்லுங்க. சொல்லிட்டாவது போங்க.

சரி. போங்க. அவளைத் தாண்டிப் போகும்போது என்னைப் பாத்ததாச் சொல்லாதீங்க.

என்ன கண்டக்டர்? ஆமா, கலெக்டர் ஆபீஸ்தான் கேட்டேன். இறங்கலை. உடம்புக்கா? வேர்க்கத்தான் செய்யும், வெயில் காலம். இல்லப்பா, ஜன்னல் பக்கம் தள்ளி உக்கார முடியாது, அங்க ஆள் இருக்கு. எனக்கு என்ன வேணும்? ஒண்ணும் வேண்டாம். எல்லாம் இருக்கு.